பெயருக்கும் ஒரு கவுல்

வேடந்தாங்கலுக்குப் பறவை காண வருவோர்க்கு அறை வாடகைக்கு விடுகிறவரும், மாமல்லபுரத்தில் கற்சிலை வடிக்கும் சிற்பியும் தமக்கென ஓர் இணையதளம் வேண்டும் என்று விரும்பும் காலம் இது. அவ்வாறு விரும்புவோரில் பலர், தளத்தின் பெயராகிய டொமைனும், அதன் கோப்புகள் தங்கும் இடமாகிய ஹோஸ்டிங்கும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை உணராமலே, இரண்டையும் ஒரே பில்லில் வாங்கிவிடுகிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்தின் தளத்தையே உதாரணமாகக் கொள்வோம். 'செங்கல்பட்டு.நிக்.இன்' என்னும் அதன் முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 'இன்' என்பது தேசம், 'நிக்' என்பது அத்தேசத்து அரசின் தகவலியல் மையம், கடைசியில் நிற்பது மாவட்டம். அப்பெயரை நாம் தட்டச்சு செய்ததும், நம் பொருட்டு ஒரு சர்வர் இதே வரிசையில் படிப்படியாக விசாரித்து, அதற்குரிய ஐ.பி. எண்ணை அறிந்து சொல்கிறது. ஆதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே பட்டியலில் கணினிகளின் பெயர்களெல்லாம் அடங்கியிருந்தன; அது கட்டுக்கடங்காமல் பெருகவே, பொறுப்பைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். முறையை 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். 'இன்' என்று முடியும் பெயர்களின் பதிவேட்டை இன்று நிர்வகிப்பது நிக்ஸி என்னும் ஸ்தாபனம்.

கோப்புகள் தங்குமிடமோ, இம்மாவட்டத்துச் சிறுசேரியில் எழுந்துள்ளவை போன்ற டேட்டா சென்டர்களில், மின்சாரமும் குளிர்ச்சியும் இரவுபகல் ஊட்டப்பெறும் ஓர் இயந்திரத்தின் சிறு பகுதி. அவ்விடம் திருப்தியளிக்காவிடில், கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றி, டி.என்.எஸ். பதிவில் எண்ணைத் திருத்தினால் போதும். பெயர் மாறாமலே தளம் குடிபெயர்ந்துவிடும்.

பெயரை இழந்தாலோ, அச்சடித்த விலாச அட்டை முதல் வாடிக்கையாளரின் நினைவு வரை அனைத்தும் வீணாகும். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குத்தகைக்குப் பெறும் உரிமையாதலால், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரியவர். தளம் அமைத்துத் தந்தவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டிருப்பின், பணம் கொடுத்தவர் வெறுங்கையர். ஏரிப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வேடந்தாங்கல் கிராமத்தார், சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது, அனுபவ பாத்தியதையை மட்டும் நம்பியிராமல், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, கவுல் என்னும் எழுத்து மூலமான உரிமைப் பத்திரம் ஒன்றைப் பெற்றனர். அந்த முன்யோசனையே இங்கும் வேண்டுவது.

ஆகவே, தளம் அமைக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், பெயரைத் தம் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்து, தவணை தவறாமல் புதுப்பித்துவருதல் அவசியம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனைச் சார்ந்ததாய் இருத்தலாகாது; பெயர் காலாவதியாகி முடங்கினால், அதைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் வந்து சேராது.