பிழை ஆளிலா, அமைப்பிலா? – டெமிங் காட்டிய தரநெறி

பணியொன்று சீர்கெடும்போது, ‘இதைச் செய்தவர் யார்?’ என வினவுவதே நம் வழக்கம். ‘இவ்வாறு நிகழும்படி பணி எங்ஙனம் அமைந்துள்ளது?’ என்பதையே முதலில் வினவ வேண்டும் என்றவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993). ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பையேற்று, 1950ஆம் ஆண்டு அவர் அந்நாட்டுப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் உரையாற்றினார். அவ்வுரைகளின் அச்சுப்பதிப்பால் வந்த உரிமைத்தொகையை அவர் ஒன்றியத்திற்கே அளித்தார். அத்தொகையைக் கொண்டு 1951இல் அவர் பெயரிலேயே ஒரு தரப்பரிசு நிறுவப்பெற்றது.

தம் கருத்தை விளக்க டெமிங் ஓர் எளிய சோதனையைக் கையாண்டார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும்; ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. தொழிலாளராக நடிக்கும் அறுவர், 50 குழிகள் கொண்ட பலகையால் ஒருவர்பின் ஒருவராக மணிகளை அள்ளுவர். சிவப்பு மணி பழுதான பொருளைக் குறிக்கும். ஒருவருக்கு 6 சிவப்பு மணிகள் வருகின்றன எனவும், மற்றொருவருக்கு 14 வருகின்றன எனவும் கொள்வோம். மேலாளராக நிற்கும் டெமிங் முன்னவரைப் புகழ்வார், பின்னவரைக் கடிந்துகொள்வார். அடுத்த முறை இருவர் நிலையும் தலைகீழாகலாம். ஆயினும் சராசரி 10ஐ ஒட்டியே நிற்கும். பெட்டியின் கலவை மாறாதவரை, புகழ்ச்சியும் கடிதலும் அச்சராசரியை மாற்றமாட்டா.

இச்சிந்தனைக்கு அடிப்படை, வால்டர் ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம். அதன் கணக்குப்படி, மேற்கண்ட சோதனையில் 2 முதல் 18 வரை சிவப்பு மணிகள் வருவது இயல்பே. அவ்வெல்லைக்குள் அமையும் வேறுபாடு பொதுக் காரணத்தால் விளைவது; அமைப்பை மாற்றினாலன்றி அது குறையாது. எல்லையைக் கடந்தால் மட்டுமே, தனிக் காரணம் ஒன்றைத் தேட வேண்டும். முன்னதைத் திருத்தும் பொறுப்பு மேலாளருடையது என்பது டெமிங்கின் உறுதியான நிலைப்பாடு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த அவர், மாணவரை மதிப்பெண்ணால் தரவரிசைப்படுத்துவதையும் எதிர்த்தார். வகுப்பில் 40 மாணவருள் 35 பேர் ஒரே வினாவில் தவறினால், குறை பெரும்பாலும் பாடத்திலோ, கற்பித்தலிலோ, வினாவிலோ இருக்கும். ஒருவர் மட்டும் தவறினால், அவருக்கே உரிய காரணத்தை அறிந்து உதவுதல் வேண்டும். முதல் நிலையில் மாணவரைக் கடிவதும், இரண்டாம் நிலையில் பாடத்திட்டத்தையே மாற்றுவதும் பயன் தரா.

மாற்றத்திற்கும் ஒரு நெறியுண்டு. திட்டமிடுதல், சிறிய அளவில் செய்து பார்த்தல், விளைவை ஆராய்தல், கண்டறிந்தவாறு செயற்படுதல் என்னும் நான்கும் சுழற்சியாகத் தொடர வேண்டும்.

டெமிங் வகுத்த 14 நெறிகளுள் ஒன்று, அச்சத்தை அகற்றுக என்பது. தண்டனைக்கு அஞ்சும் தொழிலாளி பழுதை மறைப்பார். ஏளனத்திற்கு அஞ்சும் மாணவர் ஐயத்தை மறைப்பார். மறைக்கப்பட்ட குறையை எந்த ஆசிரியராலும் திருத்த இயலாது. ஆகவே, அடுத்த தேர்வுத்தாள்களைத் திருத்தும்போது, யார் தவறினர் என்பதோடு எந்த வினாவில் எத்தனை பேர் தவறினர் என்பதையும் குறித்து வைப்போமாக.