அந்தப் பட்டம் செல்லுமா?

கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில், தொலைநிலைக் கல்விக் கட்டணம் கேட்பவை இப்போது நிறையவே இருக்கின்றன. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களிலும் ராஜபாளையம் மில்களிலும் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் பிள்ளைகள், பிளஸ் டூ முடித்ததும் நிக்காஹ் ஆகிவிட்ட சகோதரிகள், மதரஸாவில் ஓதி சனது வாங்கிய பின் ஒரு பி.ஏ.வும் முடித்துவிடலாம் என்று எண்ணும் இளம் ஆலிம்கள் எனப் பலர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாய், இந்தப் பட்டம் செல்லுமா?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. விளம்பர நோட்டீஸ்களில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற ஒரே வரிக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, பட்டம் கொடுக்கும் உரிமை. 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம் 22-ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். ஒரு டிரஸ்டையோ சொசைட்டியையோ பதிவு செய்துவிட்டால் அந்த உரிமை வந்துவிடாது. இரண்டாவது, தொலைநிலையில் நடத்தும் அனுமதி. பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தாலும், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டி.இ.பி., அந்தப் பாடத்துக்கு அந்தச் சேர்க்கைப் பருவத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவது நாக் தரச்சான்று. இது நிறுவனத்தின் தரத்தைச் சொல்லும். 'ஏ கிரேடு' இருப்பதால் மட்டும் தபால் வழிப் பட்டம் செல்லுபடியாகிவிடாது.

இரண்டாவது விஷயத்தில்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட இடறுகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அறியாதவர் தமிழ்நாட்டில் கிடையாது. 1929-இல் தொடங்கியது, 1979 முதல் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது. அதில் படித்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனவர்கள் ஏராளம். ஆனால் 2022 மார்ச்சில் யு.ஜி.சி. வெளியிட்ட பொது அறிவிப்பு, அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் தன் அனுமதி இருந்தது என்றும், அதற்குப் பின் அனுமதியின்றி நடத்தப்பட்டவை செல்லாது என்றும் கூறியது. இத்தனை பெரிய பெயருக்கே இந்த நிலை. ஆகவே "எங்கள் மாமா அங்கேதான் படித்தார், அவருக்கு வேலை கிடைத்ததே" என்பது ஆதாரமாகாது. மாமா சேர்ந்த ஆண்டு வேறு, நீங்கள் சேரும் ஆண்டு வேறு. எந்தப் பல்கலைக்கழகமானாலும் உங்கள் ஆண்டு, உங்கள் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பட்டம் கையில் வந்து, வேலையிலும் அமர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பார்க்கலாம். ஒடிசாவில் ஒரு அரசு நிறுவன ஊழியரின் பதவி உயர்விலிருந்து கிளம்பிய வழக்கு அது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் விசாரணைக்கு வந்தன. அவற்றில் ஒன்று நம் சேலத்திலுள்ள விநாயகா மிஷன். 2001 முதல் 2005 வரையான ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் மீண்டும் செல்லும் என்றது நீதிமன்றம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்து செய்து, கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தப் பட்டத்தால் கிடைத்த பலன்களும் போயின. பணம் திரும்பி வரலாம். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு ராத்திரியில் கண் விழித்துப் படித்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

நம் ஆலிம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு. 2024 நவம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரஸா சட்டம் செல்லும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், மதரஸா வாரியம் காமில், ஃபாஸில் என்று உயர்கல்விப் பட்டம் கொடுப்பது யு.ஜி.சி. சட்டத்துக்கு முரண் என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. ஏழு வருடம் ஓதியவரின் இல்மை அந்தத் தீர்ப்பு குறைத்துவிடவில்லை. பட்டம் என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் வேலி எவ்வளவு இறுக்கமானது என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் "உங்கள் சனதை வைத்தே நேரடியாக எம்.ஏ. சேரலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற எம்.ஏ. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லிவிட்டது. பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணையிட்டது. மதரஸாவில் ஓதும்போதே தனித்தேர்வராகவோ, தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலமாகவோ பத்தையும் பன்னிரண்டையும் எழுதிவிடுவது நீண்ட வழிதான். ஆனால் பின்னால் திரும்பி வர வேண்டியிராத வழி.

சபர் போக நினைப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடினம். மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று சான்றொப்பம் வாங்கும்போது சான்றிதழின் பூர்வீகம் முழுவதும் தோண்டப்படும். 2018-இல் குவைத், இந்தியப் பொறியாளர்களிடம் என்.பி.ஏ. தரச்சான்று உள்ள படிப்பா என்று கேட்கத் தொடங்கியபோது, கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தவர்களே திணறினார்கள். "அமெரிக்காவில் அங்கீகாரம்" என்று வரும் இணையப் பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கராச்சியிலிருந்து அக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகமெங்கும் பட்டம் விற்றதை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு 'அங்கீகாரம்' கொடுத்த அமைப்புகளும் அதே கடையின் சரக்குதான்.

அப்படியானால் அங்கீகாரமில்லாத படிப்பே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் கணக்குப் பதிவு கற்கலாம். வீட்டிலிருக்கும் சகோதரி இணையத்தில் அரபி இலக்கணம் படிக்கலாம். அறிவுக்காகப் படிப்பவருக்கு யு.ஜி.சி. தேவையில்லை. ஆனால் அதற்கு வகுப்புக்கான கட்டணம் கொடுங்கள், பட்டத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை வேலை விண்ணப்பத்தில் பட்டம் என்று எழுதவும் வேண்டாம். அது வழக்கு வரை போகும்.

தொலைநிலைக் கல்வியை மட்டமாக நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முறையான அனுமதியுள்ள தொலைநிலைப் பட்டம், கல்லூரியில் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. 1985-இல் தொடங்கிய இக்னோவும் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்கென்றே இருப்பவை. அங்கும் பாடத்தைப் பட்டியலில் பார்த்துவிட்டே சேரவும்.

பார்ப்பது சிரமமில்லை. டி.இ.பி. இணையதளத்தில் பல்கலைக்கழகம், ஆண்டு, பாடம் மூன்றையும் தேடலாம். 2024 முதல் மாணவர் தாமே டி.இ.பி. அடையாள எண் எடுத்துத்தான் சேர முடியும். "அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு மையம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலையில் பொறியியல், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, சட்டம் தருகிறோம் என்பவர்களையும், ஒரே வருடத்தில் பி.காம். என்பவர்களையும் கேள்வியே கேட்க வேண்டாம். வேறு மாநிலத்து மாநிலப் பல்கலைக்கழகம் நம்மூரில் மையம் வைத்துத் தொலைநிலைப் பட்டம் நடத்தவும் அனுமதி கிடையாது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் முதலில் தங்கள் பதிவு எண்ணைப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாக எழுதிக் கேளுங்கள். மைய ரசீது போதாது. அனுமதியில்லை என்று தெரிந்தால், கட்டிய பணத்தை நினைத்து மீதி இரண்டு வருடத்தையும் அதில் போடாதீர்கள்.

நமது உதவித்தொகை ஜகாத்திலிருந்தும் சதகாவிலிருந்தும் வரும் அமானிதம். எனவே வரும் பருவத்திலிருந்து விண்ணப்பத்துடன் டி.இ.பி. பட்டியலில் உங்கள் பாடம் இருக்கும் பக்கத்தின் அச்சுப்பிரதியையும் இணைக்கும்படி நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. தேடத் தெரியாதவர்கள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் வாருங்கள். கணினி இருக்கிறது, சேர்ந்தே பார்ப்போம். மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே வந்தால் நல்லது.