தூவி போர்த்த சிறு டைனோசர்

இறகுடைய பிராணி யாது என வினவின், பறவை எனச் சிறு பிள்ளையும் விடை கூறும். விலங்கியலாரும் நெடுங்காலம் அவ்விடையையே தம் நூல்களில் எழுதி வந்தனர். முட்டையிடுதல், இரு காலால் நடத்தல், அலகுடைமை என்பவற்றுள் எதுவும் பறவைக்கே தனியுரிமையன்று; இறகு ஒன்றே அதனை ஏனைய உயிர்களினின்றும் பிரித்து நிறுத்தும் அடையாளம் எனக் கொள்ளப்பட்டது. சீன நாட்டின் வடகிழக்கிலுள்ள லியாவோனிங் மாகாணத்தில், 1996 ஆம் ஆண்டு ஒரு கமக்காரருக்குக் கிடைத்த கற்பலகை இவ்வரையறையை நிலைகுலையச் செய்தது.

அம்மாகாணத்தின் இப்பாறைகள் ஏறக்குறைய 12½ கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. அந்நாளில் ஆங்கே ஏரிகளும், அவற்றின் அயலில் எரிமலைகளும் இருந்தன. ஏரியடியிற் படிந்த நுண்ணிய சேறும் சாம்பலும் இறந்த உடல்களை மூடிக் காத்தமையால், என்புகளேயன்றி மென்பாகங்களின் சுவடுகளும் அங்கே எஞ்சியுள்ளன. சிஹெதுன் என்னும் ஊரிற் கிடைத்த அப்பலகை ஏடு விரித்தாற்போல இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரே உடலின் பதிவு இரு பாதியிலும் காணப்பட்டது. கமக்காரர் ஒரு பாதியைப் பெய்ஜிங்கிலுள்ள புவிச்சரிதவியல் நூதனசாலைக்கும், மறு பாதியை நான்ஜிங் நகரத்துத் தொல்லுயிரியல் நிறுவகத்துக்கும் விற்றார். ஓருடலை ஈரிடத்தார் தனித்தனியே ஆராய நேர்ந்தது இதனாலேயாம்.

பெய்ஜிங் பாதியை ஆராய்ந்த ஜி கியாங், ஜி ஷூ-ஆன் என்போர் அவ்வாண்டிலேயே அதற்குச் சைனோசோரொப்டெரிக்ஸ் எனப் பெயரிட்டனர். சீனத்து ஊர்வனவின் சிறகு என்பது இதன் பொருள். பெயர் அழகியதாயினும் பொருத்தமுடையதன்று. இப்பிராணிக்குச் சிறகு இல்லை. முதலிற் கிடைத்த உடலின் நீளம் 68 சதமமீற்றர்; பின்னர்க் கிடைத்த பெரியதொன்று ஒரு மீற்றரைச் சற்றே விஞ்சியது. அந்நீளத்திற் பாதிக்கு மேற்பட்டது வாலே. கைகள் குறுகியன, ஆயினும் முதல் விரல் முன்கை என்புகளினும் தடித்து நீண்டு, வலிய உகிருடன் விளங்குகின்றது. ஓர் உடலின் வயிற்றறையிற் பல்லியொன்றின் என்புகள் தலையோட்டுடன் கிடந்தன. ஆகவே, இது சிற்றுயிர்களைப் பிடித்துண்ட வேட்டைப் பிராணி என்பதில் ஐயமில்லை.

ஐயமெல்லாம் அதன் புறத்தோற்றத்தைப் பற்றியே எழுந்தது. தலை தொடங்கி முதுகு வழியாக வால் வரையும், என்புகளினின்றும் சற்று விலகிக் கருநிற விளிம்பொன்று காணப்பட்டது. உற்று நோக்கின் அது மெல்லிய இழைகளின் திரளாகும். தலையிற் குறியனவாய்த் தொடங்கும் இவ்விழைகள் வாலில் ஏறக்குறைய 4 சதமமீற்றர் வரை நீண்டுள்ளன. தமிழில் இறகு, தூவி என இரு சொற்கள் உளவாதல் ஈண்டு உதவுகின்றது. நடுவே தண்டும் இரு மருங்கும் தகடும் உடையதை இறகு எனவும், உடலோடு படிந்து கிடக்கும் மென்மையானதைத் தூவி எனவும் கொண்டால், இங்கே காண்பது தூவியை ஒத்தது. பறத்தற்கு அது சிறிதும் பயன்படாது. உடற்சூட்டைக் காத்தற்குப் பயன்பட்டிருக்கலாம்.

அதே ஆண்டில் நியூயோர்க்கிற் கூடிய தொல்லுயிரியலார் மகாநாட்டில் இதன் புகைப்படம் கைக்குக் கை மாறியது. கண்டோருட் பெரிதும் உள்ளம் அதிர்ந்தவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஒஸ்ட்ரம். பறவைகள் சிறு டைனோசர்களினின்றும் கூர்ப்படைந்தவை என்னும் கருத்து ஹக்ஸ்லியின் காலத்ததாயினும், இடையிற் பலராற் கைவிடப்பட்டிருந்தது. அதனை 1970களில் என்புகளின் ஒப்புமை கொண்டு மீட்டும் நிலைநாட்டியவர் அவரே. என்பு கூறியதற்குத் தோலும் சான்று பகருமென அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. அடுத்த ஆண்டில் அவர் வேறு சில அறிஞருடன் சீனா சென்று கற்பலகைகளை நேரிற் கண்டார்.

எனினும் மறுப்பாளர் ஓய்ந்திலர். அவ்விழைகள் தூவியல்ல, தோலினுள் உள்ள கொலாஜன் நார்கள், உடல் சிதையுங்கால் இழையிழையாகப் பிரிந்து வெளிப்பட்டவையே என லிங்கம்-சொலியார், பெடூசியா முதலானோர் 2007 இல் வாதித்தனர். இதனை வெறும் பிடிவாதமெனத் தள்ளுதல் நேர்மையாகாது. கிடைத்த உடல்களோ மிகச் சில. கல்லில் நசுங்கிய நார் எது, தூவி எது என வெறுங்கண்ணாற் றுணிதலும் அரிது. அவ்வாதம் மெய்யாயின், இப்பிராணியைக் கொண்டு இறகின் தோற்றத்தைப் பற்றிக் கூறப்பட்டவை அனைத்தும் அடிப்படையற்றுப் போகும்.

விடை இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் வந்தது. சீன, பிரித்தானிய, அயர்லாந்து ஆய்வாளர் 2010 இல் வாலின் கருவரிகளிலுள்ள இழைகளை நோக்கி, அவற்றினுள்ளே மெலனோசோம் எனப்படும் நுண்ணுடல்கள் பொதிந்திருக்கக் கண்டனர். நிறப்பொருளைத் தாங்குவன இவை. பறவையின் இறகினுள் இவை உண்டு, கொலாஜன் நாரினுள் அமைவதில்லை. பற்றீரியாக்களின் எச்சமாகலாமே என்ற ஆட்சேபத்துக்கு, அவை இழையின் மேற்பரப்பிலன்றி உள்ளே பதிந்திருந்தமை தக்க மறுமொழியாயிற்று.

தேடாத பயனொன்றும் இவ்வாய்வினால் விளைந்தது. இக்காலப் பறவைகளின் இறகில் நீண்ட மெலனோசோம்கள் கருமையையும், உருண்டையானவை செம்பழுப்பையும் தருவன. இதன் வாலில் இருந்தவை உருண்டையானவை. எனவே, அவ்வால் செம்பழுப்பும் வெளிறிய நிறமும் மாறிமாறி வரிந்ததாகும். டைனோசரின் நிறத்தை ஓவியர் தம் மனம் போனவாறு தீட்டிய காலம் அன்றோடு மாறத் தொடங்கியது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2017 இல் இன்னும் ஒரு படி சென்றனர். இப்பிராணியின் முதுகு கருமை கலந்தது, வயிறு வெளிறியது. கண்ணைச் சூழ்ந்து முகமூடி போன்ற கரும்பட்டையும் உண்டு. மேலிருந்து விழும் வெயில் முதுகை ஒளிரச் செய்து வயிற்றை நிழலில் ஆழ்த்தும். நிறம் அதற்கு எதிர்மாறாக அமையின் உடலின் திரட்சி மறைந்து, பகைப்பிராணியின் கண்ணுக்குப் புலப்படுதல் குறையும். அடர்ந்த காட்டின் பரந்த ஒளியில் வாழும் விலங்குகளில் இருநிறமும் சந்திக்கும் எல்லை விலாவின் கீழே படிப்படியாக அமைவது. வெட்டவெளியில் வாழ்வனவற்றில் அது மேலே, தெளிவாக அமைவது. சைனோசோரொப்டெரிக்ஸின் எல்லை மேலேயே உள்ளது. ஆகவே, ஏரிக்கரைக் காடுகளின் உட்புறத்திலன்றி, வெயில் நேரே விழும் திறந்த நிலத்தில் அது பல்லியைத் துரத்தித் திரிந்தது என்பது அவர்தம் முடிபு.