எங்கே உண்பது?



வெளியூருக்குச் செல்லும் ஒருவன் வண்டியை விட்டு இறங்கியதும் அவன் உள்ளத்தில் எழும் வினாக்கள் இரண்டு. எங்கே உண்பது? எங்கே தங்குவது? இவ்விரு வினாக்களோடு தொடர்புடைய பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று நம் தொண்டை நாட்டில் இருக்கிறது. அதுவே திருவள்ளூர்.

சாலிகோத்திரர் என்னும் முனிவர் நெடுநாள் நோன்பிருந்து, அரிசி மாவை அமுதாக்கி, இறைவனுக்குப் படைத்து, விருந்தினருக்குரிய பங்கை எடுத்து வைத்துக் காத்திருந்தாராம். முதியவர் ஒருவர் வந்து அதனை உண்டார். பசி அடங்கவில்லை என்றார். முனிவர் தமக்கென வைத்திருந்த பங்கையும் எடுத்துக் கொடுத்தார். உண்ட முதியவர், ‘களைப்பாக இருக்கிறது; படுப்பதற்கு எவ்வுள்?’ என்று கேட்டார். எந்த அறை என்பது அதன் பொருள். முனிவர் தம் குடிலைக் காட்டினார். அங்கே பள்ளி கொண்டவரே வீரராகவப் பெருமாள் என்றும், ஊருக்குத் திருஎவ்வுள் என்னும் பெயர் அதனால் வந்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. தை அமாவாசையன்று அத்தலத்தின் திருக்குளத்தில் நீராட இன்றும் மக்கள் திரள் திரளாக வருகின்றனர்.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆயினும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. முனிவர் விருந்தினருக்குக் கொடுத்தது, தாம் உண்பதற்கென்று வைத்திருந்த உணவையே அன்றோ? இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

வழிச்செல்வோருக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்லி அனுப்புவது தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குச் செல்லும் பாணனிடம், எயினர் குடியிருப்பில் இன்னது கிடைக்கும், ஆயர் பாடியில் இன்னது கிடைக்கும், உழவர் ஊரில் இன்னது கிடைக்கும் என்று வழிநெடுகிலும் எடுத்துரைக்கிறது. போய் உண்டு மீண்டவன், பசியோடு எதிரே வருகிறவனுக்குச் சொல்லும் சொல் அது. இன்று அந்தப் பணியைக் கைப்பேசி செய்கிறது. ஐந்து விண்மீன் பெற்ற கடை, நான்கு விண்மீன் பெற்ற கடை என்று அது வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அதில் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் நாள்தோறும் ஒரே கடையில் உண்டு பிழைக்கும் சுமைதூக்குவோர் விண்மீன் போடுவதில்லை. அவர்கள் காலால் வாக்களிக்கிறார்கள். மறுநாளும் அக்கடைக்கு வருகிறார்கள்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு அவ்வூரின் முகமே மாறிவிட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்த கடைத்தெருவில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. இட்லிப் பானைக்குப் பக்கத்தில் சப்பாத்திக் கல் காய்கிறது. வேலை தேடி முதன்முதலாக அங்கே வரும் இளைஞனுக்கு நல்ல சோறு கிடைக்கும் இடம் என்பது நாவின் சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வயிறு கெட்டால் அவனுக்கு ஒரு நாள் கூலி போகும். இரண்டு நாள் கெட்டால் வேலையே போனாலும் போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது நூலில் அன்று. தலைமையாசிரியனாக இருந்தபோது ஒருமுறை மாணவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். ஏரியையும் டச்சுக்காரர் கல்லறைகளையும் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. பளபளவென்று பெயர்ப்பலகை மாட்டிய ஓர் உணவு விடுதியில் வண்டியை நிறுத்தினேன். பெரிய அண்டாவில் காலையிலேயே கிளறி மூடி வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பரிமாறினார்கள். கை கழுவக் கொல்லைப்புறம் சென்றபோது, அங்கே பணிபுரிந்த பையன்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து உண்டுகொண்டிருந்ததைக் கண்டேன். கண்டேனே ஒழியக் கருதவில்லை. அன்று மாலை மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்தேன். மூவரும் நலம் பெற்றனர். ஆனால் ஒரு சிறுமியின் தாய் கட்டட வேலை செய்பவர். மகளுக்குத் துணையிருந்ததால் இரண்டு நாள் கூலியை இழந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மருத்துவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அரிசியில் இயல்பாகவே சில நுண்ணுயிர்களின் வித்துகள் இருக்கும். பாசில்லஸ் சீரியஸ் என்பது அவற்றுள் ஒன்று. சோறு கொதிக்கும்போதும் அவ்வித்துகள் சாவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே சமைத்த உணவு 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலோ 5 பாகைக்குக் குறைந்த குளிரிலோ இருத்தல் வேண்டும். இடைப்பட்ட நிலையே நோய்க்கு விளைநிலம்.

இதிலிருந்து வழிப்போக்கர் அறிய வேண்டியது யாது? கடையைத் தேர்வதற்கு முன் வேளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு ஆவி பறக்கும் இட்லி, நண்பகல் ஒரு மணிக்கு வடித்த சூட்டோடு வரும் சோறு, கண்ணெதிரே கொதிக்கும் தேநீர் ஆகியவற்றை எளிய கடையிலும் நம்பி உண்ணலாம். பிற்பகல் நான்கு மணிக்குக் கிடைக்கும் சாப்பாட்டைப் பெரிய விடுதியிலும் ஐயத்தோடு நோக்குதல் நலம். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அங்கே வடை வேண்டா. செய்தித்தாளில் மடித்துத் தரும் பண்டமும் வேண்டா. அச்சு மை உணவில் ஏறும். குடிநீர் கொதித்து ஆறியதா என்று கேளுங்கள். புட்டியாயின் மூடியின் முத்திரையைப் பாருங்கள். சர்பத்தில் போடும் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரியாவிடில், இளநீரை வெட்டித் தரச் சொல்லிப் பருகுங்கள். கோடையில் காலை வேளையில் புதிதாக இறக்கிய பதநீர் கிடைத்தால், அது பெரும்பேறு. வெயில் ஏறினால் அது புளிக்கத் தொடங்கிவிடும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி, உணவு விற்பவர் தம் நிலைக்கேற்பப் பதிவோ உரிமமோ பெற்று, அந்தச் சான்றைக் கடையில் காணும்படி வைத்தல் வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். எண் இருப்பதனாலேயே சோறு நல்லதாகிவிடாது; ஆனால் குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது அதனால் தெரியும்.

வழி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘நல்ல ஓட்டல் எது?’ என்று கேட்டால், மற்றவர்கள் நம் உடையைப் பார்த்து ஒரு பெரிய கடையைக் காட்டுவார்கள். ‘நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை வேறாக வரும். பேருந்து நடத்துநர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனை வாயிலில் காத்திருப்போர் ஆகியோரைக் கேளுங்கள். லாரிகள் நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பார்கள். அது பாதி உண்மை. லாரி நிறுத்த இடம் இருப்பதனாலும் அங்கே லாரிகள் நிற்கும். தொழிற்சாலையில் வேலைமுறை மாறும் நேரத்தில், அடுத்த முறைக்குப் போகிறவர்கள் எந்தக் கடையில் அமர்கிறார்கள் என்று பாருங்கள். உண்டபின் எட்டு மணி நேரம் உழைக்க வேண்டியவன், வயிற்றோடு விளையாடமாட்டான்.

இன்னும் ஒன்று. சாதி பார்த்து இலை போட்ட உணவு விடுதிகள் இந்நாட்டில் இருந்தன. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, பொது உணவகத்தில் சாதி, சமயம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கண்ணால்தான் காண வேண்டும். இயந்திர எண்ணெய் படிந்த சட்டையோடு, தமிழ் தெரியாத ஒருவன் வந்து அமரும்போது, அவனுக்கும் அதே குவளையில் தண்ணீர் வைத்து, ‘என்ன வேண்டும், தம்பி?’ என்று கேட்கும் கடையில் நம்பி உண்ணலாம். அவனுக்குக் குறைத்துப் பரிமாறும் கை, நம்மை அறியாத இடத்தில் நமக்கும் குறைக்கும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன முனிவரிடம் வருவோம். தமக்கு வைத்திருந்ததை எடுத்து வந்தவருக்கு இட்டார் அவர். நல்ல உணவகத்துக்கு இதனினும் சிறந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரும் அவர்தம் பணியாளரும் எந்தப் பாத்திரத்திலிருந்து உண்கிறார்களோ, அந்தப் பாத்திரத்திலிருந்தே உங்களுக்கும் பரிமாறப்பட்டால், அமைதியாக அமர்ந்து உண்ணுங்கள். தூக்குச்சட்டி தனியே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.