ரொக்கத்துக்குத் தேனி, கடனுக்குத் தெருமுனையா? போடியில் ஒரு மளிகைக் கணக்கு

பொழுது விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கையில் தூக்குவாளி, தலையில் கட்டிய துண்டு, தோளில் ஒரு பை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்தால் கேரளம். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, வழியில் தெருமுனைக் கடையில் நின்று அன்றைய சமையலுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். கால் கிலோ பருப்பு, நூறு எண்ணெய், ஒரு கட்டு கீரை. காசு இருந்தால் காசு, இல்லையென்றால் நோட்டு.

இந்த ஊரின் மளிகைக் கணக்கு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. மலையில் மழை பிடித்துக்கொண்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஏலக்காய் விலையோ ராட்டினம் மாதிரி. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் இடுக்கி தோட்டங்களை உலுக்கியதில், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் அதே ஏலக்காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் புத்தடி ஒன்று, போடி இன்னொன்று. ஏலத்தில் விலை விழுந்தால், அது முதலில் தெரிவது கடைக்காரரின் பற்று நோட்டில்தான்.

அதனால் 'மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி' என்று இங்கே யோசிக்கும்போது கூடவே இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது. குறைத்த செலவு யார் தலையில் விழுகிறது?

நோட்டுக்கு என்ன விலை?

சின்னக் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் ஆதங்கம் ஒன்று உண்டு. கையில் காசு இருக்கும் நாளில் ஜனங்கள் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். காசு தீர்ந்த நாளில் நம்ம கடைக்கு வருகிறார்கள். ரொக்கம் அங்கே, கடன் இங்கே. இப்படியே போனால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்க முடியாது. அவரும் கடனில் எடுப்பார், விலை கூடும், அந்த விலை நோட்டில் எழுதப்படும். கடைசியில் அதைக் கட்டுவது நோட்டில் வாங்கும் குடும்பம்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாநில எல்லை அடைபட்டபோது, மலைக்குப் போகவும் வழியில்லை, கூலியும் இல்லை. அந்த வாரங்களில் ரேஷன் அரிசியும் தெருமுனை நோட்டும்தான் பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தன. எந்த ஆப்பும் 'அடுத்த வாரம் கொடுங்கக்கா' என்று சொல்லாது.

அதற்காகக் கடைக்காரர் சொல்லும் விலையை எல்லாம் அப்படியே கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கணக்குப் பார்த்து வாங்கலாம், கேட்டு வாங்கலாம். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மிச்சம் ரேஷனில்

எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி என்று தேடுவதற்கு முன்னால், குடும்ப அட்டையில் வர வேண்டியது முழுவதும் வந்துவிட்டதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லை. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளியில் இரண்டும் தலா 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு பொருளில் மட்டும் மாதம் 200 ரூபாய்க்கு மேல் நிற்கும். வருடத்துக்கு 2,400. இவ்வளவு தள்ளுபடியை எந்தப் பண்டிகைச் சலுகையும் தராது. 'இந்த மாசம் பருப்பு முடிஞ்சுபோச்சு' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாமல், சரக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போவதுதான் இதில் உள்ள ஒரே வேலை.

மாதக்கணக்கில் மலையிலேயே தங்கி வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் வைத்திருப்பவர்கள் கேரளத்து ரேஷன் கடையிலும் தங்களுக்குரிய தானியத்தை வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசின் திட்டம் என்பதால், அவற்றுக்கு மட்டும் கீழே இறங்கித்தான் வர வேண்டும்.

ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போடலாம். பல வீடுகளில் நடப்பதுதான். கடை மாவுப் பாக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதுவே மாதத்துக்கு நல்ல மிச்சம்.

'அண்ணாச்சி, உதிரியா எம்புட்டு?'

உதிரியாக வாங்குவது பழைய பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதே பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் இல்லை. அரிசிக் கடைகளில் 25 கிலோ சிப்பம் திடீரென்று 26 கிலோ சிப்பமாக மாறியது இதனால்தான். ஒரு கிலோவைக் கூட்டி வரியைக் கழித்துவிட்டார்கள்!

மாதம் 2,000 ரூபாய்க்குப் பாக்கெட் அரிசி, பருப்பு, மாவு வாங்கும் வீட்டில், அதில் சுமார் 95 ரூபாய் வரி. உதிரிக்கு மாறினால் அது போகும். பிராண்டு பெயருக்கும் பளபளப்பு உறைக்கும் கொடுக்கும் விலையும் சேர்ந்து போகும். உதிரியாக நிறுத்துக் கொடுப்பது தெருமுனைக் கடைக்குக் கைவந்த வேலை. செலவைக் குறைப்பதும் பக்கத்துக் கடையை வாழவைப்பதும் ஒரே காரியமாக அமைவது இந்த இடத்தில்தான்.

ஆனால் கண் வேண்டும். பருப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள். தூசு, வண்டு, பழைய வாசனை இருந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது கடைக்காரரை அவமதிப்பது ஆகாது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போன்றவற்றை மட்டும் உதிரித் தூளாக வாங்காமல் இருப்பது நல்லது. தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழு மிளகாய், மல்லி, விரலி மஞ்சள் வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் விலையும் குறைவு, நம்பிக்கையும் கூடுதல்.

'வருஷ சாமான்' என்று பாட்டிமார் சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. புளி உலுக்கும் காலம் மாசி, பங்குனி. புது மிளகாய் வரத்தும் ஏறக்குறைய அப்போதுதான். சித்திரை வெயிலில் காயவைத்து, புளியில் கொட்டை நீக்கிக் கல்லுப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் அடுத்த வருஷம் வரை நிற்கும். ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் போட முடியாத வீடுகள் நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டையாக எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம். மூட்டை விலைக்குத் தெருமுனைக் கடைக்காரரே எடுத்துத் தருவார், முன்பணமாக ரொக்கம் கொடுத்தால்.

காய்க்கு விடியற்காலை

ஏலமலைக்குப் போடி, கம்பம் பக்கமிருந்து அரிசியும் காயும் ஏறுகின்றன. அங்கிருந்து ஏலக்காய் இறங்குகிறது. தேனி மாவட்டத்துக் காய்கறியில் பெரும் பங்கு கேரளத்துக்குப் போவதால், ஓணம் நெருங்கும்போது இங்கேயும் விலை ஏறும். அந்த இரண்டு வாரம் கத்தரிக்காய், பீன்ஸ் என்று அடம்பிடிக்காமல் கீரை, முருங்கை, பாசிப்பயறு என்று சமையலைத் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாம்.

மற்ற நாளில் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது; போடியிலும் உண்டு. அங்கே விலையை விற்பவர் தன் விருப்பத்துக்கு வைப்பதில்லை. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவிகிதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவு என்ற அளவில் தினமும் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசும் இலவசம். வாங்குபவருக்கும் மிச்சம், விளைவித்தவருக்கும் மிச்சம். ஒரே குறை, சீக்கிரம் எழுந்து போக வேண்டும்.

தேனிக்குப் போய் வாங்கினால் என்ன?

போகலாம். சோப்பு, சலவைத்தூள், பற்பசை போன்ற பிராண்டு பொருள்களில் பெரிய கடைகள் எம்.ஆர்.பி.யைவிடக் குறைத்துத் தருவது உண்மை. சின்னக் கடைக்கு அந்த விலையில் சரக்கே கிடைப்பதில்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் போடியிலிருந்து தேனிக்குப் போய்வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் போனாலும் 60 ரூபாய் பெட்ரோல். 10 சதவிகிதத் தள்ளுபடியில் அந்த 60 ரூபாயை எடுக்கவே 600 ரூபாய்க்கு வாங்க வேண்டும். பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம்தான். ஆனால் பட்டியலில் இல்லாத எத்தனை பொருள் கூடைக்குள் விழுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டெலிவரி இலவசமாக வர வேண்டும் என்பதற்காக வேண்டாத பிஸ்கட்டைச் சேர்த்து ஆர்டர் போடுவதும் இதே கதைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோப்பு வகைகளை மொத்தமாக அங்கே வாங்கிவிட்டு, மற்றதை ஊரிலேயே வைத்துக்கொள்வது நியாயமான வழி.

எங்கே வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு சின்ன எழுத்தைப் படியுங்கள். 2022-ல் வந்த விதிப்படி, எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். 200 கிராம் 58 ரூபாய், 500 கிராம் 150 ரூபாய் என்றால் கிராமுக்கு 29 காசு, 30 காசு. பெரிய பாக்கெட்தான் விலை அதிகம்! ஷாம்பூவிலும் பல சமயம் பாட்டிலைவிடச் சின்ன சாஷேதான் மலிவாக இருக்கும். 'பெரிசா வாங்குனா லாபம்' என்பது எப்போதும் நிஜமில்லை.

ஏலக்காய் ஊரில் ஏலக்காய்

இந்த ஊரிலேயே ஏலக்காயைப் பாக்கெட்டில் வாங்குபவர்கள் இருப்பது வேடிக்கை. சுமார் ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். விலைக்கு அதுவும் ஒரு காரணம். பருத்த 8 எம்.எம். காய்க்கு மவுசு அதிகம், பரிசுப் பெட்டிக்கு அது அழகு. பாயசத்துக்கும் டீக்கும் வேண்டியது உள்ளே இருக்கும் விதை. சிறிய காயையோ, வாய் வெடித்த காயையோ உள்ளூர்க் கடையில் கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெடித்த காய் வாசனையைச் சீக்கிரம் இழக்கும் என்பதால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தால் நாலு காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம். விதை எடுத்த தோலைத் தூக்கி எறியாமல் டீத்தூள் டப்பாவில் போட்டு வைக்கலாம்.

இனி அந்தப் பற்று நோட்டுக்கு வருவோம். கடையில் ஒரு நோட்டு இருந்தால் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும், பத்து ரூபாய் நோட்டுப் போதும். வாங்கிய அன்றே பொருள், எடை, விலை மூன்றையும் எழுதுங்கள். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். வாரக் கூலி வந்ததும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, முழுசாக முடியாவிட்டாலும் ஒரு பகுதியாவது அன்றே கட்டிவிடுங்கள். கட்டிய கையோடு, 'அண்ணாச்சி, அடுத்த வாரத்துச் சாமானுக்கு இப்பவே ரொக்கம் தந்தா பருப்புல எம்புட்டுக் குறைப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். கிலோவுக்கு இரண்டோ மூன்றோ ரூபாய் குறையும். கூடவே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வரும்.