பட்டத்துக்கு முன் வரைந்த எழுத்து

2010 யூலை 15ஆம் திகதி, இந்திய ரூபாய்க்கான புதிய குறியீட்டை அந்நாட்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டிக்கு வந்திருந்தன. வென்றவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கம். அன்று எல்லாரும் பேசியது இரண்டரை இலட்சம் ரூபாய்ப் பரிசைப் பற்றித்தான். மாணவராக இருந்த காலத்தில் அவர் செய்துவைத்த வேலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்த கையோடு, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையமான ஐ.டி.சி.யில் முதுகலைக்குச் சேர்ந்தார் உதயகுமார். 1969இல் தொடங்கிய அந்த மையத்தில் பரீட்சைத்தாளை விடச் செயற்றிட்டத்துக்கே மதிப்பு. பேராசிரியர் ஜி.வி. ஸ்ரீகுமாரின் வழிகாட்டலில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு தமிழ் எழுத்துரு. பெயர், பராசக்தி. மும்பையில் படிக்கும் ஒருவர் தமிழ் எழுத்தைக் கையிலெடுத்ததே துணிச்சல்தான்.

எழுத்துரு வரைவது எவ்வளவு பெரிய வேலை என்பது வெளியில் தெரிவதில்லை. தமிழில் 247 எழுத்துகள். ஆகார வரிசைக்கு ஒரு துணைக்கால், எகர வரிசைக்கு ஒரு கொம்பு வரைந்தால் போதும். உயிரை வாங்குவது உகர வரிசை. கு கீழே வளைந்து சுழியும். சு நேரே கீழிறங்கும். து மேலேறித் திரும்பும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்து, பக்கத்து எழுத்தோடு ஒட்டிப் பார்த்து, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பழைய ஏடுகளையும் புரட்ட வேண்டும். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுதும் பொருள் எழுத்தின் உருவத்தையே மாற்றும் என்பதை ஒரு மாணவர் கையால் செய்து பார்த்துத்தான் உணர முடியும். செயலமர்வுகள் தேவைப்படுவது இதற்குத்தான்.

அதே ஐ.டி.சி.யில் முன்பு கற்பித்தவர் ஆர்.கே. ஜோஷி. விண்டோஸ் கணினிகளில் பலரும் தமிழ் வாசித்துப் பழகிய லதா எழுத்துரு அவருடைய தலைமையில் உருவானது. தமிழ் தாய்மொழியாக இல்லாதவர்களும் தமிழ் எழுத்துக்கு உழைத்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டவரான பெர்னாண்டோ மெல்லோ, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது வரைந்த ஃப்ரிடா எழுத்துருவில் இலத்தீனோடு தமிழும் உண்டு. அங்கு படித்த பிரியா ரவிச்சந்திரன் பின்னர் வரைந்த கட்டமரான், மெல்லியது முதல் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

உதயகுமாரோ பராசக்தியோடு நிற்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வையும் தமிழ் எழுத்துருக்களை ஒட்டியே செய்தார். தேவநாகரி 'ர'வையும், நிமிர்ந்த கோட்டை இழந்த உரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒரே வளைவுக்குள் அடக்கிய அந்த ரூபாய்க் குறி திடீரென்று உதித்ததல்ல. எழுத்தின் வளைவுகளோடு ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கு வந்து சேர்ந்த பலன் அது.

நம் இலங்கையிலும் இத்தகைய எழுத்து வேலைக்கு இடம் உண்டு. மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கே தனிப் பட்டம் இருக்கிறது. கருப்பொருளுக்கும் பஞ்சமில்லை. திருகோணமலையிலிருந்து குச்சவெளி கடந்து வடக்கே போனால் திரியாய். அங்குள்ள பாறைக் கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தத்தைச் சேர்ந்த எழுத்தில், ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது. திரபுசகர், வல்லிகர் என்ற வணிகரை அது குறிப்பிடுகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை வாசித்துவிட்டார்கள். உளி பிடித்தவன் எந்த இடத்தில் வளைத்தான், எங்கே அழுத்தினான் என்று அந்த எழுத்துகளை ஒரு வடிவமைப்பு மாணவரின் கண்ணால் பார்க்கும் வேலை எஞ்சியிருக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமா? திரியாயில் வளர்ந்த பிள்ளை ஒன்றே அதை எடுத்துச் செய்தால் இன்னும் நல்லது.

மொறட்டுவையின் வடிவமைப்புப் பட்டத்துக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது; தனியே உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். படம் வரையும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் வந்தவுடன் அந்தப் பகுதியைத் தேடி வாசியுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள்.