சுழலும் வட்டத்துக்குப் பின்னால்

மருந்துக் கடையில் நின்று கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துகிறோம். ரகசிய எண்ணை இட்டாயிற்று. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கணக்கில் பணம் குறைந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கடைக்காரரோ தமக்கு வரவில்லை என்கிறார். அந்தச் சில நொடிகளில் நம் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: பணம் எங்கே போயிற்று?

2016-இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் ஒரு தொகை கைமாற, செயலி, பணம் செலுத்துபவரின் வங்கி, என்.பி.சி.ஐ. அமைப்பு, பெறுபவரின் வங்கி ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று விடை கூற வேண்டும். இவற்றுள் ஒன்று தாமதித்தாலும் வட்டம் நிற்பதில்லை. தாமதம் எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை அறியவே கண்காணிப்பு அமைப்புகள் இரவும் பகலும் இயங்குகின்றன.

அவற்றின் அடிப்படை, வணிகவியல் பயின்ற எவருக்கும் பழகிய ஒன்றுதான்: நாளேடு. சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எப்போது வந்தது, விடையளிக்க எவ்வளவு நேரம் ஆனது, முடிவு என்ன என்பவை தனி எண்ணுடன் பதிவாகின்றன. ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் மட்டும் அந்த ஏட்டில் ஒருபோதும் இடம்பெறலாகாது.

பதிந்த பின் பிழைகளை வகைப்படுத்த வேண்டும். இருப்புப் போதாமை, தவறான ரகசிய எண் போன்றவற்றால் மறுக்கப்படுவது ஒரு வகை. வங்கியின் அல்லது இடைப்பட்ட அமைப்பின் கோளாறால் மறுக்கப்படுவது மற்றொரு வகை. இவ்விரண்டின் விழுக்காட்டையும் வங்கிவாரியாக என்.பி.சி.ஐ. மாதந்தோறும் வெளியிடுகிறது. இரண்டாம் வகை திடீரென உயர்ந்தால், பணியிலுள்ள பொறியாளருக்கு உடனே எச்சரிக்கை செல்ல வேண்டும். சிறு சலனத்துக்கெல்லாம் மணி அடித்தால், நாளடைவில் எவரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆதலால் எச்சரிக்கையின் எல்லையை நிர்ணயிப்பதே ஒரு தனித்திறன்.

வேகத்தை அளப்பதில் ஒரு பொறி உண்டு. நூறு பேரில் 95 பேருக்கு 1 நொடியிலும் 5 பேருக்கு 30 நொடிகளிலும் விடை கிடைத்தது என்று கொள்வோம். சராசரி 2.45 நொடிதான். அறிக்கை அழகாக இருக்கும். மருந்துக் கடையில் தவித்து நின்ற ஐவர் அதில் காணாமல் போவர். கணக்கியலில் ஒரு பிழை மற்றொன்றை மறைப்பதை ஈடுசெய் பிழை என்கிறோம். சராசரி செய்வதும் ஏறக்குறைய அதுவே. எனவே நூறு பேரையும் வேக வரிசையில் நிறுத்தி, 95-ஆவது, 99-ஆவது இடங்களில் நிற்பவர் எவ்வளவு காத்திருந்தார் என்று பார்ப்பதே சரியான அளவீடு.

இத்தனை இருந்தும், கண்காணிப்புக்குத் தப்பும் பிழைகள் உள. இருப்பாய்வு பொருந்திவிட்டாலும் ஏடுகளில் விடு பிழை ஒளிந்திருக்கலாம் அல்லவா? அதுபோல, சர்வரை வந்தடையாத கோரிக்கை சர்வரின் நாளேட்டில் பதிவாவதில்லை. அதை எங்களுக்கு அறிவிக்கக்கூடியவர் வாடிக்கையாளரே. தங்கள் புகார் எங்களுக்குத் தொல்லையன்று. கருவிகள் காணாததைக் காட்டும் கண் அது.

இனி, பணம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இதற்குக் காலவரையறை விதித்துள்ளது. யு.பி.ஐ.யில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிடில் மறுநாளுக்குள்ளும், கடைக்காரருக்குச் செலுத்தியது உறுதியாகாவிடில் 5 நாட்களுக்குள்ளும் தானாகவே திரும்பிவிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. புகாருக்குக் காத்திராமலே அதை வரவு வைக்க வேண்டும் என்பதும் அவ்விதியே.

ஆகவே, திரை உறைந்தால் பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை செலுத்த வேண்டாம். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் நிலையைப் பாருங்கள். நிலுவை என்றிருப்பின் முடிவு தெரியும்வரை பொறுத்திருங்கள்; அவசரமெனில் ரொக்கம் கொடுங்கள். 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, செயலியிலோ கிளையிலோ புகார் பதியுங்கள். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பணத்தைத் திருப்பித் தர ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ தேவையில்லை, கேட்பவர் எவராயினும் அவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர்.

அந்த 12 இலக்கங்கள் கையில் இருந்தால், நாளேட்டின் கோடிக்கணக்கான வரிகளுள் தங்களுடைய ஒற்றை வரியை எங்களால் கண்டெடுக்க இயலும். பணத்தின் தடம் அங்கிருந்தே தொடங்குகிறது.